மெசின் ‘சுருக்’கென்று இழுத்தால் மருந்தகத்துக்கு வராதீர்கள், முதலில் சுவிட்சை அடையுங்கள்



இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, எலிக்காய்ச்சல், பாம்புக்கடி என்று எழுதிக்கொண்டிருக்கிற நான், இந்த மாதம் கரண்டைப் பற்றி எழுதப் போகிறேன். “டிரெசருக்கு எதுக்குய்யா வயர்மேன் வேலை?” என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். வயர்மேன் மெசினைப் பார்க்கிறார். மெசின் அடித்துப் போட்ட ஆளை நான்தான் பார்க்கிறேன். அந்த வகையில் எனக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் தச்சு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். லயத்து வீடுகளுக்குக் கதவு, சன்னல், பாலர் பள்ளிக்கு பெஞ்சு, கோயில் திருவிழாவுக்குப் பந்தல் கால் எல்லாம் அவர் கைவேலைதான். ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் மரம் அறுக்கும் மெசின் ஒன்று இருந்தது. இரும்பு மேசை, நடுவில் வட்ட ரம்பம், மேசைக்கு அடியில் மோட்டார். பல தோட்டங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஒரு நாள் காலை அவர் மருந்தகத்துக்கு வந்தார். “டிரெசரய்யா, கை ஒரு மாதிரியா மரத்துப் போவுது. மெசினத் தொட்டா சுருக்கு சுருக்குன்னு இழுக்குது” என்றார். வெளியே வரிசையில் இருபது பேர். மூன்று பிள்ளைகள் காய்ச்சலில் அழுதுகொண்டிருந்தன. நான் அவர் கையை மடக்கி நீட்டிப் பார்த்தேன். வயசான கை, நரம்புத் தளர்ச்சி என்று நினைத்துக்கொண்டு, வைட்டமின் மாத்திரையும் தைலமும் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் சொன்னதில் முதல் பாதியை வாங்கிக்கொண்ட என் காது, இரண்டாம் பாதியை வாங்கவில்லை.

மூன்றாம் நாள் நல்ல மழை. கொட்டகைத் தகரம் ஒழுகி சிமெந்துத் தரை நனைந்து கிடந்தது. சிலிப்பர் வார் அறுந்துவிட்டதால் வெறுங்காலோடு நின்று பலகை தள்ளியிருக்கிறார். இடது கை இரும்பு மேசையின் மேல். கரண்டு பிடித்து உதறிய உதறலில் வலது கை பிளேடின் மேல் போய்விட்டது. உதவிக்கு நின்ற பையன் கெட்டிக்காரன். ஆளைத் தொட்டு இழுக்கவில்லை. ஓடிப்போய் மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டான். அண்ணன் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

பிறகு வயர்மேன் வந்து பிளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மூன்று ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் முடுக்கியிருந்தது. பச்சையும் மஞ்சளும் கலந்த ஒயரை யாரோ வெட்டி, மடக்கி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள். யார் வெட்டியது, எப்போது வெட்டியது என்று கடைசி வரையில் தெரியவில்லை. அந்த மெசின் மட்டும் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடியிருக்கிறது.

விசயமே இதுதான். எர்த்து ஒயர் இல்லாவிட்டாலும் மெசின் ஓடும். விளக்கு எரியும், மோட்டார் சுற்றும், ரம்பம் அறுக்கும். ஆகவே அது வேண்டாத ஒயர் என்று நம்மவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற இரண்டு ஒயரும் மெசினுக்காகப் போட்டவை. மூன்றாவது ஒயர் உங்களுக்காகப் போட்டது. அது இல்லாததை மெசின் காட்டிக் கொடுக்காது.

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், விளக்கிச் சொல்கிறேன்.

கரண்டு ஒரு ஒயர் வழியாக வந்து, மோட்டாரில் வேலை செய்து, இன்னொரு ஒயர் வழியாகத் திரும்பிப் போகிறது. இப்போது வரும் மெசின் ஒயர்களில் வருகிற வழி பழுப்பு நிறம், போகிற வழி நீல நிறம். பழைய மெசின்களில் சிவப்பும் கறுப்பும். இவை இரண்டும் மெசினின் இரும்பு உடம்பைத் தொடாதபடி உள்ளே வார்னிசு, ரப்பர், பிளாஸ்டிக் என்று காப்பு இருக்கிறது. அந்தக் காப்பு என்றைக்கும் அப்படியே இருக்குமா? மோட்டார் சூடாகிச் சூடாகிக் காப்பு வறண்டு வெடிக்கிறது. மரத்தூள் உள்ளே போய் அடைகிறது. மழைக்காலத்தில் அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, கரண்டு கசிய வழி விடுகிறது. எலி ஒயரைக் கடிக்கிறது. நம் ஆள் ஒயரின் மேலேயே பலகையைப் போடுகிறார். ஏதோ ஒரு நாள் உள்ளே இருக்கும் கரண்டு இரும்பு உடம்புக்கு வந்துவிடுகிறது.

எர்த்து ஒயர் சரியாக இருந்தால், இரும்புக்கு வந்த கரண்டு அந்த ஒயர் வழியாக உடனே ஓடிவிடும். நிறைய ஓடினால் பியூசு எரியும், அல்லது காவல் சுவிட்சு விழும். மெசின் நிற்கும். “என்னடா இது, சனியன் நின்னுபோச்சு” என்று நாம் திட்டுவோம். அது நம்மைக் காப்பாற்றிவிட்டுத்தான் நின்றது. எர்த்து ஒயர் இல்லாவிட்டால் அந்தக் கரண்டு இரும்பிலேயே உட்கார்ந்திருக்கும், பூமிக்குப் போக வழி தேடிக்கொண்டு. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற ஆள் கை வைத்தால், அவர்தான் வழி.

இப்போது அந்த ‘சுருக்’கைப் பற்றி. காய்ச்சல் என்று வருகிறவருக்கு நான் பாரசிட்டமால் கொடுத்தால் சூடு இறங்கும். ஆனால் காய்ச்சல் எதனால் வந்தது என்று பார்க்காவிட்டால் டெங்கியாக இருந்து ஆளைக் கொண்டுபோய்விடும். அதைப் போலத்தான் இதுவும். மெசினைத் தொட்டால் லேசாக இழுக்கிறது என்றால், கரண்டு இரும்புக்கு வந்துவிட்டது, எர்த்து வேலை செய்யவில்லை என்று இரண்டு சேதியை ஒன்றாகச் சொல்கிறது. இன்றைக்கு லேசாக இருப்பதற்குக் காரணம் உங்கள் சிலிப்பர் காய்ந்திருக்கிறது, தரை காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கரண்டு லேசானது அல்ல.

உடம்புக் கணக்கைச் சொல்கிறேன். ஒரு ஆம்பியரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியர் உடம்பில் ஓடினால் சுருக்கென்று தெரியும். 10 மில்லிக்குப் பக்கத்தில் போனால் கை விரல்கள் தானாக மடங்கி இறுகிவிடும். விட நினைத்தாலும் விட முடியாது. 30-ஐத் தாண்டி நீடித்தால் நெஞ்சுத் தசை இறுகி மூச்சு விடுவது சிரமம். 50 முதல் 100 வரை போனால் இதயம் துடிப்பதை விட்டுவிட்டுப் புழு நெளிவதைப் போல நடுங்க ஆரம்பிக்கும். இரத்தம் ஓடாது, சில நிமிடங்களில் உயிர் போகும். ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் இதில் கூடக் குறைய இருக்கும்.

நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பழைய மெசின் தகடுகளில் 240 என்று போட்டிருக்கும். வேர்வையில் நனைந்த கை, ஈரக் கால் உள்ள ஆளின் உடம்பு சுமார் 1000 ஓம் தடை கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்தப் போதுமானதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அந்த அண்ணன் பிழைத்தது, பையன் மெயினைத் தட்டிய வேகத்தால்தான்.

“பிளக்கில்தான் பியூசு இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. அதில் 13 என்று எழுதியிருக்கும். 13 ஆம்பியர் என்றால் 13,000 மில்லி ஆம்பியர். ஆள் சாக 100 போதும் என்கிறபோது, 13,000 தாங்குகிற பியூசு உங்களுக்காக எரியுமா? பியூசு ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பது. ஆளைக் காப்பதற்கு அது போட்டதல்ல. தோட்டத்தில் பாதிப் பேருக்கு இது தெரியாது. எனக்கும் அந்த விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. பியூசு அடிக்கடி எரிகிறது என்று வெள்ளி சிகரெட் தாளைச் சுற்றிப் போடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கணக்குச் சொல்லி என்ன பயன்?

ஆளுக்கு என்று செய்த காவல் வேறு. இ.எல்.சி.பி. என்று வயர்மேன் சொல்வாரே, அது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், வேறு வழியில் கசிகிறது என்று தெரிந்து, கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். இதில் எண்ணைப் பார்க்க வேண்டும். பல வீட்டு மெயினில் 100 மில்லி போட்டிருக்கிறது. அது தீயைத் தடுக்க உதவும், ஆளைக் காக்க அது பெரிய எண். நம் நாட்டு 1994-ஆம் ஆண்டு மின்சார விதிகளில், கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகள் உள்ள இடத்துக்கு 30 மில்லிக்கு மேற்படாமலும், தரை நனையக்கூடிய இடத்துக்கு 10 மில்லிக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் பட்டறைப் பெட்டியைத் திறந்து அதில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். 30 மில்லி என்பது 0.03 என்றும் எழுதியிருக்கும், 100 மில்லி 0.1 என்று. அதில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்துப் போட்ட சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்துங்கள். சம்பளத் தேதி என்று வைத்துக்கொண்டால் மறக்காது. டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது செத்த காவல்காரன், மாற்றச் சொல்லுங்கள். ஆனால் பொத்தானை அழுத்தி விழுந்தால் அந்தப் பெட்டி நல்லது என்றுதான் அர்த்தம். எர்த்து ஒயர் நன்றாக இருக்கிறது என்று அது சொல்லாது. அதற்கு வயர்மேன் மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு வைத்தியம் நம்மவர்களிடம் உண்டு. மெசின் இழுக்கிறது என்றால், ஒரு இரும்புக் குழாயைக் கொட்டகைப் பக்கத்தில் தரையில் அடித்து, மெசினிலிருந்து ஒரு கம்பி கட்டிவிட்டு, “எர்த்து குடுத்தாச்சு” என்பது. சுருக்கென்று இழுப்பதும் குறைந்துபோகும். அதனால் நம்பிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். நன்றாக அடித்த குழாய்க்கே பூமியில் 20 ஓம் தடை இருக்கலாம். 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 13 ஆம்பியர் பியூசு இதற்கு எரியாது! மெசின் இரும்பில் கரண்டு அப்படியே நிற்கும், மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்கும். வெயில் காலத்தில் மண் காய்ந்தால் தடை இன்னும் கூடும். குழாயும் வேண்டும், சரியான எர்த்து ஒயரும் வேண்டும், அதோடு இ.எல்.சி.பி.யும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் காவல். தண்ணீர்க் குழாயில் கட்டுவது அதைவிட மோசம். இப்போது பூமிக்கு அடியில் ஓடுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய், கரண்டு அதில் இறங்காது. உங்கள் மெசினின் கரண்டு, குழாயடியில் பாத்திரம் கழுவுகிற அம்மாவின் கைக்குப் போய்ச் சேரும்.

பிளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மூன்று கால் பிளக்கில் மேலே இருக்கும் கால் மட்டும் ஏன் நீளம் என்று யோசித்திருக்கிறீர்களா? சொருகும்போது எர்த்து முதலில் பிடிக்க வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காக. அந்த நீளக் கால் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு ஓட்டைகளின் மூடி திறக்கும். வெளிநாட்டிலிருந்து வாங்கிய இரண்டு கால் பிளக்கை, பேனா மூடியை மேல் ஓட்டையில் குத்தி மூடியைத் திறந்து சொருகுகிறார்களே, அவர்கள் கரண்டுக்கு வழி திறந்துவிட்டு எர்த்தின் வாயை அடைத்துவிடுகிறார்கள். பேனா மூடிக்குப் பதில் ஆணி குத்துகிற மகராசன்களும் உண்டு.

இரண்டு ஒயர் மட்டுமே உள்ள எல்லாக் கருவியும் கெட்டது என்று பயப்பட வேண்டாம். கையில் பிடித்து ஓட்டையிடும் டிரில், சின்னக் கை ரம்பம் போன்றவற்றில் தகட்டைப் பார்த்தால் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருக்கும். அதற்கு இரட்டைக் காப்பு என்று அர்த்தம். எர்த்து ஒயர் இல்லாமலே செய்தது. ஈரத்தில் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. இரும்பு மேசை வைத்த ரம்பம், இழைக்கும் மெசின், சாணைக்கல் மெசின் இவற்றில் அந்த அடையாளம் இல்லையென்றால், பச்சை-மஞ்சள் ஒயர் இருந்தே ஆக வேண்டும். பெரிய மெசினுக்கு நான்கு ஐந்து ஒயர் போகும். அது 400 வோல்ட் விவகாரம். அதில் கை வைக்க எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் உள்ள ஆள்தான் வேண்டும். “நம்ம பக்கத்து வீட்டுத் தம்பிக்கு கரண்டு வேலை தெரியும்” என்பதெல்லாம் அங்கே செல்லாது.

நீட்டு ஒயர் போடும்போது அதிலும் மூன்று ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். மெசினில் எர்த்து இருந்து, நீட்டு ஒயரில் இல்லாவிட்டால், இல்லாததும் ஒன்றுதான். உருளையில் சுற்றிய ஒயரை முழுதும் பிரித்துவிட்டுப் போடுங்கள். சுற்றியபடியே பெரிய மோட்டாரை ஓட்டினால் உள்ளே சூடேறி ஒயர் உருகும்.

கரண்டுக் கதை போதும். ரம்பத்தின் கதைக்கு வருகிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. சாதாரண நாளில் சின்ன ‘சுருக்’ ஆளைக் கொல்லாமல் போகலாம். ஆனால் ஓடுகிற பிளேடுக்கு முன்னால் நிற்கிறவருக்கு அந்தச் சின்ன உதறலே போதும், கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. எனக்கு அனுப்பப்பட்ட விரல் காயங்களில் பெரும்பாலானவை இடது கைக் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும்தான். பலகையின் கடைசி நுனியைத் தள்ளும்போது வருவது. கடைசி ஒரு சாணைக் கையால் தள்ளாதீர்கள். மரத்துண்டில் ஒரு தள்ளுகட்டை செய்து மெசினிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். தச்சு வேலை தெரிந்தவருக்கு அதைச் செய்யப் பத்து நிமிடம் ஆகாது, செய்யத்தான் மனம் வராது.

பிளேடுக்கு மேல் மூடி வருகிறது. “பார்க்க மறைக்கிறது” என்று முதல் நாளே கழற்றி மூலையில் போட்டுவிடுகிறோம். பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கும். அறுத்த மரம் மீண்டும் நெருங்கிப் பிளேடை இறுக்காமல் அது பிரித்து வைக்கும். அதையும் கழற்றிவிட்டால், மரம் பிளேடைக் கவ்விக்கொண்டு, எதிர்த்து உங்கள் வயிற்றை நோக்கி வரும். ஈட்டி மாதிரி வரும். அதனால்தான் பிளேடுக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்வது. பழைய பலகையில் ஆணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு சுற்றுகிற பிளேடுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. செம்பனைக் குலை தூக்கும்போது கையுறை நல்லது. ரம்பத்தில், பிளேடு நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கைலி, நீளக் கைச் சட்டை, கழுத்தில் தொங்கும் துண்டு, கையில் கட்டிய சாமிக்கயிறு எல்லாம் அப்படித்தான். சாமிக்கயிற்றை அவிழ்க்க மனமில்லாவிட்டால் முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். காலுக்கு ரப்பர் அடி வைத்த சப்பாத்து. தரை நனைந்திருந்தால் அன்றைக்கு ரம்பம் வேண்டாம், வேறு வேலை பாருங்கள்.

நம் தோட்டங்களில் கரண்டு போய்ப் போய் வருவது வழக்கம். கரண்டு போனதும் மெசின் நின்றுவிடும்; நாம் பிளேடில் சிக்கிய துண்டை எடுக்கக் கையை விடுவோம்; அந்த நேரம் பார்த்துக் கரண்டு திரும்பும். இதற்கென்றே ஒரு வகை சுவிட்சு இருக்கிறது. கரண்டு போனால் அதுவும் தானாக அடைந்துவிடும், நாம் மறுபடி அழுத்தினால்தான் ஓடும். பட்டறை மெசினில் அதைப் போடச் சொல்லிக் கேளுங்கள். இல்லாத வரைக்கும், கரண்டு போனவுடன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிளேடு மாற்றும்போதும் அப்படியே. சுவிட்சை அடைத்தால் மட்டும் போதாது; பிளக்கு உங்கள் கண்ணுக்கு முன்னால் கிடக்க வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்போது மூவார் பக்கம் மேசை நாற்காலித் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். அப்பா பால் வெட்டிய அதே ரப்பர் மரம்தான், மகன் கையில் பலகையாக வருகிறது. அவர்களுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். மரத்தூளையும் லேசாக நினைக்க வேண்டாம். பல ஆண்டு சுவாசித்தால் மூக்கிலும் மூக்கை ஒட்டிய எலும்புப் பொந்துகளிலும் புற்றுநோய் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே சொல்லியிருக்கிறது. முகமூடி போடுங்கள். மெசினில் தூள் உறிஞ்சி இருந்தால் அதை ஓட்டுங்கள்.

இனி, ஒருவரைக் கரண்டு பிடித்துவிட்டால் என்ன செய்வது? இது என் பகுதி.

முதலில் தொடாதீர்கள். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் தொடாதீர்கள். தொட்டால் இரண்டு பேர் போவீர்கள். சுவிட்சை அடையுங்கள், இல்லாவிட்டால் மெயினை. பட்டறையில் வேலை செய்கிற எல்லாருக்கும், உதவிக்கு வரும் பையன் உட்பட, மெயின் எங்கே இருக்கிறது என்று காட்டி வையுங்கள். அதன் முன்னால் சிமெந்து மூட்டை அடுக்காதீர்கள். சுவிட்சு எட்டாவிட்டால், காய்ந்த பலகை மேல் ஏறி நின்று, காய்ந்த மரக்கட்டையால் ஆளைத் தள்ளிவிடுங்கள். இது வீட்டுக் கரண்டுக்குத்தான். கம்பத்திலிருந்து அறுந்து விழுந்த பெரிய லைன் என்றால் பக்கத்திலேயே போகக் கூடாது. மரக்கட்டையெல்லாம் அதற்கு ஒன்றும் செய்யாது.

ஆளை விடுவித்த பிறகு தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் இல்லை, அல்லது விக்கி விக்கி எப்போதோ ஒரு மூச்சு என்றால், ஒருவரை 999-க்குப் போன் பண்ணச் சொல்லிவிட்டு, நீங்கள் மண்டியிட்டு நெஞ்சின் நடுவில் இரு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்த ஆரம்பியுங்கள். 5 முதல் 6 செண்டிமீட்டர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. முழங்கை மடங்கக் கூடாது. வாயில் ஊதத் தெரியாவிட்டால் அழுத்தினால் மட்டும் போதும். கை சோர்ந்தால் ஆள் மாற்றி அழுத்துங்கள், நிறுத்தாதீர்கள். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். அதை நாங்கள் பிறகு பார்த்துக்கொள்கிறோம்.

மண்ணைத் தோண்டி ஆளைக் கழுத்து வரை புதைத்தால் கரண்டு இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இடி விழுந்தவருக்கும் இப்படிச் செய்கிறார்கள். தோழர்களே, சுவிட்சை அடைத்த அந்த நொடியே உடம்பில் கரண்டு இல்லை. இறங்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. குழி தோண்டுகிற நேரத்தில்தான் உயிர் போகிறது.

ஆள் எழுந்து உட்கார்ந்து, “ஒண்ணும் இல்ல, தேத்தண்ணி குடுங்க” என்று சொன்னாலும் விடாதீர்கள். கை வழியாக ஏறிய கரண்டு கால் வழியாக இறங்கும்போது நெஞ்சைத் தாண்டித்தான் போகிறது. இதயத் துடிப்பு சீராக இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். தோலில் சின்னப் பொட்டு மாதிரிதான் தீக்காயம் தெரியும். உள்ளே சதை வெந்திருக்கும். சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால், சதை கரைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம், ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. காயத்தில் பற்பசை, நல்லெண்ணெய், சோயா சாஸ் எதுவும் தடவ வேண்டாம். கரண்டு நின்றது உறுதியான பிறகு, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால், காயத்தை சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலைத் தேடி எடுங்கள். மரத்தூளுக்குள் கிடக்கும். ஈரப்படுத்திய சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வையுங்கள். விரலை நேராகப் பனிக்கட்டியில் போட்டால் சதை கெட்டுவிடும். அந்த அண்ணனின் விரல்களை நேராக ஐஸ்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். இப்படிச் செய்யக் கூடாது என்று அதற்கு முன் ஒரு தடவையாவது நான் லயத்தில் யாருக்காவது சொல்லியிருந்தேனா? இல்லை.

கடைசியாகச் சங்கத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு சேதி. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன் 26ஏ பிரிவின்படி, உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. இழுக்கிற மெசின் அப்படிப்பட்ட ஆபத்து என்பது என் கருத்து. ஆனால் வாய் வார்த்தையாகக் கங்காணியிடம் சொல்லிவிட்டு விலகாதீர்கள். ஒரு தாளில் தேதி போட்டு, எந்த மெசின், என்ன கோளாறு என்று எழுதி ஆபீசில் கொடுங்கள், ஒரு நகலைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். மெசினின் பிளக்கைப் பிடுங்கி, ‘தொடாதே’ என்று எழுதிக் கட்டித் தொங்கவிடுங்கள். விபத்து நடந்துவிட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்க்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். சின்னக் காயம்தானே என்று மறைத்துவிட்டால், ஆறு மாதம் கழித்து விரல் மடங்காமல் போகும்போது கேட்க வழி இருக்காது.

அந்த அண்ணன் இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். போன தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். முறுக்குத் தட்டை மூன்று விரலால் பிடித்து நீட்டினார். “டிரெசரய்யா, அன்னிக்கி நீங்க குடுத்த தைலம் நல்ல தைலம்தான்” என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதெல்லாம் கை மரத்துப் போகிறது என்று யார் வந்தாலும், என்ன வேலை செய்கிறீர்கள், எதைத் தொடும்போது என்று இரண்டு கேள்வியை முதலில் கேட்டுவிட்டுத்தான் கையைத் தொடுகிறேன்.